சிவப்புப் பாம் ஏன் கருகுகிறது? வாசகர் கேள்வி-பதில்

லிப்ஸ்டிக் பாம் (தண்டு சிவக்கும் அலங்காரப் பாம்) கன்றை முற்றத்தில் நட்டேன். மாரியில் செழிப்பாக நின்றது, ஆனியில் ஓலை நுனியெல்லாம் கருகுகிறது. என்ன பசளை போடலாம்? (நிலாவெளி)

பசளையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இது மலாயா, சுமாத்ரா, போர்னியோப் பக்கத்துச் சதுப்புக்காட்டு மரம். வேருக்கு எந்நேரமும் ஈரம் வேண்டும். உங்கள் மணல் தரையில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் வரை நிற்காது. மிச்சத்தைக் கச்சான் காற்று பார்த்துக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரையும் வாயில் விட்டுப் பாருங்கள். உவர்த்தால், கருகலுக்கு அதுவும் ஒரு காரணம்.

மாரி தொடங்கியதும் வேர் மண்ணோடு கிளப்பி, பெரிய சாடிக்கு மாற்றுங்கள். தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்த மண் போதும். தும்புத்தூளில் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போடுங்கள். சாடியை அகலத் தட்டில் வைத்துத் தண்ணீர் நிற்க விடலாம்; மற்றச் செடிகளுக்குச் சொல்லமாட்டேன், இதற்குச் சொல்வேன். ஆனால் தட்டை மணலால் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நுளம்பு பெருகும், டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமும் பேச்சு வாங்க வேண்டிவரும். கச்சான் அடிக்காத, மதில் மறைவான பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

வாங்கி ஒரு வருடமாகியும் பச்சையாகவே நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களோ? (உவர்மலை)

அவசரப்படாதீர்கள், சின்னக் கன்று பச்சையாகத்தான் இருக்கும். சில வருடம் போனபின் மட்டைக் காம்பும் தண்டைச் சுற்றிய உறையும் சிவக்கும். ஓலை எப்போதும் பச்சைதான். கடும் நிழலில் நிறம் மங்கும், காலை வெயில் படட்டும்.

பக்கக்கன்றைப் பிரிக்கலாமா? (தம்பலகாமம்)

மண்ணை விலக்கிப் பாருங்கள். சொந்த வேர் நன்றாக விட்டிருந்தால் பிரிக்கலாம், அப்போதும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. விதை கிடைத்தால் கறுத்துப் பழுத்ததைச் சதை நீக்கி உடனே போடுங்கள், காயவிட்டால் போச்சு. முளைக்க மாதக்கணக்காகும்.

மாத்தறையில் சிநேகிதர் ஒரு கன்று தருகிறார், கொண்டுவரட்டுமா? (கிண்ணியா)

வேண்டவே வேண்டாம். 2006இல் வெலிகமவில் கண்ட தென்னை வாடல் நோய் பரவாமலிருக்க, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டையிலிருந்து அலங்காரப் பாம் கன்றுகளைக்கூட வெளியே கொண்டுவரத் தடை போட்டார்கள். உங்கள் ஒரு சாடிக்காக ஊர்த் தென்னைகளைப் பணயம் வைக்கலாமா?

கடற்கரைக் காணி, தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. (சாம்பல்தீவு)

அப்படியானால் போத்தல் பாம் வையுங்கள். மொரீசியசுக்குப் பக்கத்து ரவுண்ட் தீவு அதன் சொந்த இடம். காட்டில் அருகிப்போன மரம், ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் சளைக்காது. முதல் ஓரிரு வருடம் மட்டும் கவனித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். மணலில் பொட்டாசியம் குறைந்து பழைய ஓலையில் மஞ்சள் புள்ளி விழும். அசிங்கமாக இருக்கிறதென்று அதை வெட்டாதீர்கள். குருத்துக்கு வேண்டிய பொட்டாசியத்தை மரம் அதிலிருந்துதான் எடுக்கிறது.