ஆராதனை நேரத்தைப் போஸ்டராகப் போட்டால் போதாதா?

வேலூரில் ஒரு சபையின் இணையதளத்தைக் கவனிக்கும் தன்னார்வலர்கள் கேட்கிறார்கள்: "ஆராதனை நேரம் அழகான போஸ்டராக இருக்கிறது, அதற்கு மாற்று உரை எதற்கு?"

மாற்று உரை என்பது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சிறு வாசகம். திரையில் தெரியாது, ஆனால் படத்தோடு சேர்ந்தே இருக்கும். போஸ்டரில் உள்ள 'காலை 8 மணி' நம் கண்ணுக்கு எழுத்து. கணினிக்கோ வெறும் வண்ணப் புள்ளிகள். பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் செயலி அந்த இடத்துக்கு வந்ததும் பெரும்பாலும் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அவருக்கு நேரம் தெரியாமலே போகும்.

பேருந்து நிலையத்தில் 'காட்பாடி' என்ற பலகை வண்டியின் நெற்றியில்தான் இருக்கிறது. ஆனாலும் நடத்துநர் "காட்பாடி, காட்பாடி" என்று கூவுகிறாரே, அந்தக் குரல்தான் மாற்று உரை.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பங்கள் வந்து விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகின்றன. நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து, சனிக்கிழமை இரவு கைப்பேசியில் ஆலயம் தேடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்காக நேரத்தை இணையப் பக்கத்திலேயே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். தங்கள் மொழியில் மாற்றிப் படித்துக்கொள்வார்கள். வாரத்துக்கு ஐந்து நிமிட வேலை.

போஸ்டரை எடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, அது அங்கேயே இருக்கலாம், வாசகம் மட்டும் கூடச் சேர வேண்டும்.