டர்போ போனால் முதலில் ஒயில் வழியைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

அண்ணா, என்னுடையது 660 சிசி டர்போ சுசுகி வாகன்ஆர் ஸ்டிங்ரே. நீலப் புகை வந்ததால் கராஜில் டர்போவை மாற்றினேன். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே புகை. வாங்கிய டர்போ சரியில்லையா? (தம்பலகாமம்)

இருக்கலாம், தம்பி. ஆனால் பழைய டர்போ எதனால் போனது என்று யாராவது பார்த்தார்களா? பார்க்காமல் மாற்றியிருந்தால், அதே காரணம் புதியதையும் தின்றிருக்கும்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேலே சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம்தான். ஒயில் வரும் குழாயில் கரி படிந்து வழி குறுகினால் தண்டு காய்ந்து தேயும். திரும்பிப் போகும் குழாய் அடைத்தால், ஒயில் வடிய இடமில்லாமல் சீல் வழியாக வெளியே தள்ளும், அது எரிவதுதான் நீலப் புகை. அந்தக் குழாயில் பம்ப் எதுவும் இல்லை, ஒயில் தன் பாரத்தில்தான் இறங்கவேண்டும். கஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கனை அள்ளிப் பூசி, அது உள்ளே பிதுங்கி வழியை மறித்தாலே போதும், நல்ல டர்போவும் புகைக்கும். எஞ்சினுக்குள் அழுத்தத்தை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

கழற்றும்போது தண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது வழமை. முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை உட்சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அது முடிந்துவிட்டது. அப்புறம், காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைத்து நின்றுவிடுகிறதென்றால் சந்தேகம் எஞ்சினின் வால்வ் சீல் பக்கம் திரும்பவேண்டும்.

மறுபடி மாற்றத்தான் வேண்டுமென்றால் ஒயில் வரும் குழாயைப் புதிதாகப் போடுங்கள். ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்கள். பழைய டர்போவின் உலோகத் துகள் அதற்குள் தங்கியிருக்கும். புதியதற்குள் சுத்தமான ஒயில் ஊற்றி, எரிபொருளைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றவிட்டு, ஒயில் அழுத்தம் ஏறிய பிறகுதான் எஞ்சினை இயக்கவேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மனவருத்தம். இனி ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறுகிய ஓட்டமே அதிகமென்றால் இன்னும் முன்னதாகவே மாற்றுங்கள்.

புகை இல்லை, ஆனால் இழுவை இல்லை. அக்ஸிலேட்டரை மிதித்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஸ்கேனரில் பி0299 என்று வருகிறது. (நிலாவெளி)

எதிர்பார்த்த காற்றழுத்தம் எஞ்சினுக்குக் கிடைக்கவில்லை என்பது அந்தக் கோடின் பொருள். டர்போவைக் குறிவைக்க வேண்டாம். சத்தமே காற்றுக் கசிவைத்தான் சொல்கிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சின் வரை போகும் ஹோஸ்களையும் கிளிப்களையும் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றிச் சவர்க்கார நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அதெல்லாம் சரியென்றால், டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திறந்துவிடும் கதவான வேஸ்ட்கேட்டின் கம்பியைப் பாருங்கள். கடற்கரையோரம் நிற்கும் வாகனங்களில் உப்புக்காற்று அந்த மூட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பாதி திறந்தபடி இறுகிவிட்டால் இழுவை போய்விடும், மூடியபடி இறுகினால் அழுத்தம் எல்லை மீறும். துருவை இளக்கிச் சீராக அசையச் செய்யுங்கள். கம்பியின் நீளத்தை மட்டும் கூட்டிக் குறைக்க யாரையும் விடாதீர்கள்.

'புஷ்' என்று சத்தம் வரும் வால்வ் போடலாமா? (கிண்ணியா)

காற்றை அளக்கும் சென்சர் உள்ள வாகனத்தில் வேண்டாம். அளந்து உள்ளே எடுத்த காற்றை வெளியே விட்டுவிட்டால் பெற்றோல் அளவு கூடிப்போகும். கியர் மாற்றும்போது திணறும், கறுப்புப் புகையும் வரும்.

நண்பர்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களோடு கூட நினைக்கிறோம். எங்கே, எப்படி? (உவர்மலை)

நல்ல எண்ணம். காலை ஆறு மணிக்கே கூடுங்கள். மாலையில் திருகோணமலை டச் பே கரையோரம் குழந்தைகளும் குடும்பங்களுமாக நிறைந்திருக்கும், அது அவர்களுக்கான நேரம். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையும் வேண்டாம். அது கோட்டைக்குள், இராணுவ முகாமைக் கடந்து போகிறது. பக்தர்கள் நடப்பார்கள், மான்கள் குறுக்கே வரும்.

ஓட்டத்துக்கு நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போய்வரலாம். மாடும் ஆடும் எந்த வளைவிலும் நிற்கும், அதனால் முன்னால் போகிறவர் மிக நிதானமானவராக இருக்கட்டும். பந்தயம் அறவே கூடாது. ஹபரணை வரை போனால் பொழுது சாயும் முன்பே திரும்பிவிடுங்கள், அது யானை கடக்கும் வீதி.

கூடினால் பொனட்டைத் திறந்து வையுங்கள். ஒரு ஸ்கேனரைப் பணம் சேர்த்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் எடுக்க ஒருவர் போவதானால் மற்றவர்களும் சொல்லிவிடலாம். பாகத்தின் இலக்கத்தை மட்டும் படமெடுத்துக் கொடுங்கள், பெயரை வைத்துத் தேடினால் வேறொன்றுதான் வரும். ஒன்றும் மாற்றாத சாதாரண வாகன்ஆரில் வருகிறவரையும் அதே மரியாதையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சினை உறுமவிட்டுக் காட்டுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். ஒயில் சூடேறி இளகும் முன் டர்போவை விரட்டுவது அதன் ஆயுளைத்தான் குறைக்கும்.

வந்து நிறுத்தியதும் உடனே எஞ்சினை ஓஃப் பண்ணலாமா? (சாம்பல்தீவு)

ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் தாராளமாக. நெடுந்தூரம் வேகமாக வந்திருந்தால் கடைசி இரண்டு கிலோமீற்றரை நிதானமாக ஓட்டுங்கள். அது முடியாதபோது ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஓட்டம் நின்ற ஒயில் அந்தச் சூட்டில் கரியாகும்.

92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 அடிக்கவேண்டுமா? (திருகோணமலை நகர்)

பெற்றோல் தாங்கி மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்கென்று அமைத்த சிறிய டர்போ கார்களுக்கு 92 போதும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், லான்சர் எவோ போன்றவை உயர் ஒக்டேனுக்கென்று செய்யப்பட்டவை. அவற்றுக்கு 95-க்குக் கீழே வேண்டாம். சுமையில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் காலை எடுத்துவிட்டு, அன்றே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள்.