துப்பாக்கியை விடுங்கள், எக்ஸ்ரேயை எடுங்கள்

கேள்வி: பதினாறு மாதங்களுக்கு முன், பன்னாட்டு விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு எரியும்போதே கழிவறைக்கு எழுந்தேன். சாதாரண உடையில் இருந்த ஆயுதக் காவலர் என்னைத் தள்ளிக் கையை முறுக்கி விலங்கு மாட்டினார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். பயணிகள் நடுவே துப்பாக்கியோடு ஆள் வைப்பதே தவறு என்று விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?

பதில்: விமானத்தில் துப்பாக்கி இருக்கலாமா என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது சட்டமன்றங்கள் பேச வேண்டிய விஷயம். எக்ஸ்ரே பற்றி எழுதியது ஒரே வரி. உங்கள் வழக்கு அந்த வரியில்தான் இருக்கிறது.

பன்னாட்டு விமானப் பயணிகளின் நஷ்ட ஈட்டைப் பற்றிய 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின் 17-வது பிரிவு கேட்பது, விமானத்தில் நடந்த விபத்தால் உண்டான உடல் காயம். எலும்பு விரிசல் அதில் அடங்கும். அவமானத்தையும் தூக்கமின்மையையும் மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை ஓட்ட முடியாது.

காவலர் பெரும்பாலும் அரசு ஆளாகத்தான் இருப்பார். விமானத்தில் நடக்கும் குற்றங்களைப் பற்றிய டோக்கியோ உடன்படிக்கை விமானிக்குத் தந்த சட்டப் பாதுகாப்பை, 2020 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த அதன் திருத்த நெறிமுறை, அதை ஏற்ற நாடுகளில் காவலருக்கும் தருகிறது. விளக்கு எரியும்போது எழுந்தது நீங்கள்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். உங்கள் பங்குத் தவறு என்று தொகையைக் குறைக்கவும் வழி உண்டு.

சரி, எனக்குப் பயம் இதிலெல்லாம் இல்லை. மான்ட்ரியல் உடன்படிக்கையின் 35-வது பிரிவில்தான். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தாக்கல் ஆகவில்லை என்றால் நஷ்ட ஈட்டு உரிமையே அழிந்துவிடும். சாதாரணக் காலக்கெடு மாதிரி தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டுத் தப்பலாம் என்று நம்பாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் நிறுவனத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். "பரிசீலனையில் உள்ளது" என்று மரியாதையாகப் பதிலும் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் போலீஸ் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தார். கோப்போடு என் முன்னால் உட்கார்ந்தது இருபத்தைந்தாவது மாதம். சமரசப் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. புகார் மனு வழக்கும் ஆகாது.

உங்களுக்கு எட்டு மாதம் இருக்கிறது. வழக்குப் போடும் நாட்டில் உள்ள வழக்கறிஞரை வைத்து முதலில் தாக்கல் செய்துவிட்டு, பிறகு சமரசம் பேசுங்கள். மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் கிடைத்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். அதுவரை இலவசப் பயணச் சீட்டு தருகிறோம் என்று நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வரி அதன் அடியில்தான் இருக்கும்.