முனைவற்ற மூலக்கூறு என்றாலே கொதிநிலை குறைவா?

"முனைவற்ற மூலக்கூறுகளுக்குக் கொதிநிலை எப்போதும் குறைவுதான் என்று நோட்ஸில் இருக்கிறது, அப்படியே எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்னாகவும் மறுபக்கம் சற்று எதிர்மின்னாகவும் இருந்தால் அது முனைவுள்ளது, அப்படி இல்லாவிட்டால் முனைவற்றது. நீங்களும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளை என்றே நினைக்கிறேன்.

இங்கே ரங்கூனில் என் அக்கா மகளுக்கு இதிலேதான் மதிப்பெண் போனது. குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு இரண்டில் எதற்குக் கொதிநிலை அதிகம் என்று வகுப்புத் தேர்வில் கேட்டிருந்தார்கள். டெட்ராகுளோரைடு என்று எழுதினாள். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். "மாமா, நான் எழுதினது தப்பா?" என்று அழாத குறையாக வந்து நின்றாள். தப்பே இல்லை. முனைவுள்ள குளோரோஃபார்ம் சுமார் 61 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், முனைவற்ற டெட்ராகுளோரைடு சுமார் 77-இல். அட்டவணையை எடுத்துக்கொண்டு நானே பள்ளிக்குப் போனேன். "நோட்ஸில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

டெட்ராகுளோரைடில் கார்பன்–குளோரின் பிணைப்பு ஒவ்வொன்றும் முனைவுள்ளதுதான். நான்கும் நான்முகியாகச் சமச்சீராக அமைந்திருப்பதால் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்த இருமுனைத் திருப்புத்திறன், அதாவது முனைவின் அளவு, பூஜ்யமாகிறது. அதற்காக ஈர்ப்பே இல்லை என்று ஆகிவிடாது. எலக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கம் கூடினால், பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் அதற்கேற்ப நகர்ந்து இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கிய விசை இது. எலக்ட்ரான்கள் கூடக் கூட இது பொதுவாக வலுக்கும், கொதிநிலையும் ஏறும். குளோரோஃபார்மில் 58 எலக்ட்ரான்கள், டெட்ராகுளோரைடில் 74.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் சரியான விடையை அடிப்பதை எப்படி ஏற்பது? அதுவும் கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்த பிள்ளை. மணிக்கணக்கில் கரண்ட்டை நிறுத்துகிறார்கள், பரீட்சை நேரத்திலாவது விடக் கூடாதா? அந்த மெழுகும் முனைவற்ற ஹைட்ரோகார்பன்தான். மூலக்கூறு நீளமாக இருப்பதால் திண்மமாகவே நிற்கிறது.

சரி, உங்கள் நோட்ஸ் விதி எங்கே செல்லுபடியாகும்? மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்போது. பியூட்டேன், அசிட்டோன் இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 58. பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், முனைவுள்ள அசிட்டோனுக்கு 56 டிகிரி வேண்டும். பரீட்சையில் முதலில் அளவை ஒப்பிட்டு எழுதுங்கள், அப்புறம் முனைவைச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் பிணைப்பு (ஆக்சிஜன், நைட்ரஜன் போன்றவற்றோடு சேர்ந்த ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறை ஈர்ப்பது) இருந்தால் அதையும் விடாமல் சேருங்கள்.