கதவில் விழும் வெள்ளைப் பொட்டு: டோர்ச்சை வேட்டியின் மீது பாய்ச்சிப் பாருங்கள்

வணக்கம். நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த படத்தில் விண்மீன்கள் தெளிவாக இருந்தும், உங்கள் பழைய மொரிஸ் மைனர் காரின் கதவில் டோர்ச் வெளிச்சம் வெள்ளைப் பொட்டாக எரிந்துவிட்டது என்கிறீர்கள். டோர்ச்சின் வலிமை மட்டும் காரணமல்ல. பளபளக்கும் வண்ணப்பூச்சு கண்ணாடி போன்றது. அந்தப் பொட்டு டோர்ச்சின் பிம்பம்தான். கமராவுக்கு அருகில் நின்று அடித்தால் காரின் வளைவுகளும் தட்டையாகிவிடும்.

பக்கவாட்டில், படத்துக்குள் வராத தூரத்தில், ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு கம்புகளுக்கிடையே இழுத்துக் கட்டுங்கள். டோர்ச்சை அந்தத் துணியின் மீது பாய்ச்சுங்கள். இப்போது கதவில் பிரதிபலிப்பது அகன்ற துணி. மட்கார்டின் வளைவு மென்மையாக எழுந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த ஒளி இது. அந்த அழகான காருக்கு வேறெதுவும் பொருந்தாது என்பேன்.

வானத்துக்கு எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஐ.எஸ்.ஓ. 3200 (கமராவின் ஒளியுணர்திறன்), 15 விநாடி திறந்திருக்கும் நேரம் என்று தொடங்குங்கள். முக்காலியை அசைக்காமல் காருக்குத் தனியாக இன்னொரு படம் எடுத்துப் பின்னர் இணையுங்கள். முன்விளக்குகள் வேண்டாம்.

ஏப்ரலில் நள்ளிரவுக்குப் பின் பால்வீதியின் மையம் தென்கிழக்கே கடல்மேல் தெரியும். நிலாவெளியிலிருந்து பார்த்தால் திருகோணமலை நகரின் வெளிச்சமும் தெற்கே அந்தப் பக்கத்தில்தான். குச்சவெளிவரை வடக்கே போய்விடுங்கள். வானம் இன்னும் கறுக்கும். கடற்காற்றின் உப்பு லென்ஸில் படியும், துடைக்க மென்துணி எடுத்துச் செல்லுங்கள்.