வேலையைத் தின்றது யார்? அனல் மின் நிலையம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புகையில் கந்தக வாயுவுக்கு வரம்பு வைக்கும் கந்தக விதியைத் தளர்த்தியது பற்றியவை. மீதியில் பலவற்றில் எந்த நிலையம், எந்த அலகு (ஒரு கொதிகலனும் ஒரு டர்பைனும் சேர்ந்த தொகுதி), அது எந்த ஆண்டு ஓடத் தொடங்கியது என்ற விவரமே இல்லை. நோயாளியின் வயதைச் சொல்லாமல் மருந்து கேட்டால் எந்த வைத்தியர் கொடுப்பார்?

நெய்வேலி வழியாகப் பஸ்ஸில் போகும்போது பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்புகிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பது ஆபத்தா? (விருத்தாசலம்)

அது புகையே அல்ல, நீராவி. இடை சிறுத்து வாய் அகன்று நிற்பவை குளிர்விப்புக் கோபுரங்கள். பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக நிற்கிறதே புகைபோக்கி, கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். அதிலிருந்து வரும் வாயுக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை.

எங்கள் ஊருக்கு அருகில் உள்ள நிலையம் ஒரு நாளைக்கு 1,500 மெகாவாட் தயாரிக்கிறது. அதை மூடினால் எத்தனை வீடுகள் இருளும்? (மீஞ்சூர்)

"ஒரு நாளைக்கு 1,500 மெகாவாட்" என்று ஒன்று கிடையாது. மெகாவாட் வேறு, யூனிட் வேறு. வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது மெகாவாட், எவ்வளவு தூரம் ஓடியது என்பது யூனிட். 1,500 மெகாவாட் நிலையம் 24 மணி நேரமும் முழுச்சுமையில் ஓடினால் 3.6 கோடி யூனிட் வரும். நடைமுறையில் இரண்டரைக் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கை உங்கள் மின்கட்டண அட்டையை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். தொழிற்சாலையும் பம்புசெட்டும் அதே கம்பியில்தான் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

2015-ல் வந்த சுற்றுச்சூழல் விதியை ரத்து செய்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? (மேட்டூர்)

ரத்து செய்யவில்லை. 2015 டிசம்பர் அறிவிக்கை தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம், நீர்ப் பயன்பாடு ஆகிய ஐந்துக்கும் வரம்பு வைத்தது. இரண்டு ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. 2025 ஜூலையில் கை வைத்தது கந்தக விதியில் மட்டும். ஏறக்குறைய 78 சதவீத அலகுகளுக்கு, புகைபோக்கியின் உயரம் சரியாக இருந்தால் போதும் என்று விலக்கு. டெல்லி வட்டாரத்துக்கும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 முடிவதற்குள் கந்தக நீக்கியை நிறுவியாக வேண்டும். மாசு மிகுந்த பகுதிகளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள். தூசு வரம்பு அப்படியே இருக்கிறது.

விலக்குக்குச் சொல்லப்படும் முதல் காரணம், நம் நிலக்கரியில் கந்தகம் அரை சதவீதம்தான் என்பது. அது உண்மை. ஆனால் 500 மெகாவாட் அலகு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 7,000 டன் எரிக்கிறது. அதில் அரை சதவீதம் என்றால் 35 டன் கந்தகம். ஆக்சிஜனோடு சேர்ந்ததும் 70 டன் வாயு. அது காற்றில் சல்பேட் நுண்தூசாகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நாம் வரைபடத்தில் போட்ட 10 கிலோமீட்டர் வட்டம் அதற்குத் தெரியாது. செலவுக் காரணத்தை நான் ஒதுக்கவில்லை. கந்தக நீக்கிக்கு மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகும், யூனிட்டுக்கு 25, 30 காசு ஏறும் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. அந்தக் காசை யார் கொடுப்பது என்று வெளிப்படையாக விவாதித்திருக்கலாம். பத்து ஆண்டு இழுத்தடித்துவிட்டு, கடைசியில் தேவையே இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பழுப்பு நிலக்கரிக்கும் கருப்பு நிலக்கரிக்கும் என்ன வித்தியாசம்? (பண்ருட்டி, பள்ளி மாணவி)

பழுப்பில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை வெகுதூரம் அனுப்பினால் தண்ணீருக்கு வண்டிக்கூலி கொடுப்பது போல் ஆகும். அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே நிலையத்தைக் கட்டுகிறார்கள். நல்ல கேள்வி.

சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கூச்சலால் எண்ணூர் நிலையம் மூடப்பட்டு ஏராளமானோர் வேலை இழந்தார்கள். விதிகளை எல்லாம் தூக்கி எறிந்தால்தான் வேலை பெருகும் என்பது என் கருத்து. (பெயர் வேண்டாம், சென்னை)

கருத்தைக் கேள்வியாக அனுப்புகிறவர்களுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் இந்தக் கருத்தை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் ஆண்டைக் கேளுங்கள். எண்ணூர் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 60 மெகாவாட்டில் இரண்டு அலகு, 110-ல் மூன்று, ஆக மொத்தம் 450. 2017 மார்ச் 31-ல் நிறுத்தப்பட்டபோது அதற்கு வயது 47. அந்த வயதில் கொதிகலன் குழாய்கள் ஒன்று மாற்றி ஒன்று வெடிக்கும், ஒரு யூனிட்டுக்கு எரிக்கும் நிலக்கரி ஏறிக்கொண்டே போகும். நெய்வேலியில் சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் இயங்கத் தொடங்கிய முதல் நிலையமும் 2020-ல் ஓய்வு பெற்றது. முதுமையில் போனவருக்கு எதிர்வீட்டுக்காரர் மேல் பழி போடாதீர்கள்.

இரண்டாவது, அலகின் அளவு. 450 மெகாவாட்டுக்கு அங்கே ஐந்து கொதிகலன், ஐந்து டர்பைன். ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும். 2024-ல் திறந்த வட சென்னை அனல் மின் நிலையத்தின் மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட்டும் ஒரே அலகு. கொதிகலனும் ஒன்று, டர்பைனும் ஒன்று. விதியே இல்லாத நாட்டில் கட்டியிருந்தாலும் ஆட்கள் குறைந்துதான் இருப்பார்கள்.

சுரங்கத்துக்குப் போங்கள். 1975-ல் அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா தொடங்கியபோது ஆண்டுக்கு 8 கோடி டன் வெட்ட ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இன்று 78 கோடி டன், நிரந்தரத் தொழிலாளர்கள் இரண்டேகால் லட்சம் பேர் இருந்தால் அதிகம். நிலக்கரி ஏறக்குறைய பத்து மடங்கானது, ஆட்கள் மூன்றில் ஒரு பங்கானார்கள். இதில் கந்தக விதி எங்கே வந்தது? திறந்தவெளிச் சுரங்கமும், டிராக்லைன் என்ற ராட்சத மண்வெட்டி இயந்திரமும், நூறு டன் டம்பர் லாரியும், ஒப்பந்ததாரரும் சேர்ந்து செய்த வேலை இது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1923-ல் எட்டரை லட்சத்துக்கு மேல் இருந்த நிலக்கரித் தொழிலாளர்கள், 1970-ல் தூய காற்றுச் சட்டம் வந்த நேரத்திலேயே ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள்.

நான் பணியாற்றிய நிலையம் ஒன்றில் ஒரு பழைய அலகை மூடிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. நிரந்தர ஊழியர்களுக்கு ஒரு வாரம் முன்பே மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. சிலர் இடம் பிடிக்கவில்லை என்று முணுமுணுத்தார்கள். சாம்பல் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் வேறு. புகையிலிருந்து தூசைப் பிரிக்கும் ஈ.எஸ்.பி. கருவியின் அடியில் கூம்பு போலத் தொங்கும் தொட்டிகளில் சாம்பல் அடைத்துக்கொண்டால், நீளக் கம்பியை விட்டுக் குத்திச் சுடச்சுடக் கொட்டவைப்பவர்கள் அவர்கள். முகத்தில் ஈரத் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை. அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது காவலர் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். வரிசையாக வந்து பாஸைக் கழற்றி அதில் போட்டார்கள். பதினெட்டு ஆண்டு வேலை செய்த ஒருவர், "புகைப்படத்தை மட்டும் பிய்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். கூடாது என்றுவிட்டார்கள். வேலை இழந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் எங்கும் இல்லை. சேர்ந்தவராகவே கணக்கில் இல்லாதவர் இழந்தவராக எப்படி வருவார்?

வேலை என்றால் மதில் சுவருக்கு உள்ளே இருப்பது மட்டும்தானா? எண்ணூர் அருகே கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவர்களுடையது வேலை இல்லையா? சாம்பல் கூழ்க் குழாய் கசிந்து ஆற்றுப் படுகை சாம்பல் படிந்து மேடானபோது போன பிழைப்பை யாரும் மெகாவாட்டில் கணக்கிடவில்லை. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை விடுவதாகச் சட்டம் போட்டபோது, சுரங்க வட்டாரங்களுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கியது. அதில் எனக்கும் குறைகள் தெரியும். ஆனால் தேதியையும் தொகையையும் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். நம்மிடம் அட்டைப் பெட்டிதான்.

சூரிய மின்சாரம் அந்த வேலைகளை ஈடுகட்டுமா? (கமுதி)

உங்கள் ஊர்ச் சூரிய மின் நிலையத்திலேயே பார்த்திருப்பீர்களே. 648 மெகாவாட், 2,500 ஏக்கர். கட்டும்போது ஆயிரக்கணக்கானோர், கட்டி முடிந்தபின் தகடு துடைப்பதற்கும் ரோபோ. எண்ணூரில் வேலை இழந்தவருக்குக் கமுதியில் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாம்பல் கல்லில் வீடு கட்டலாமா? (திருவள்ளூர்)

தாராளமாக. இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். செங்கல்லைப் போல மணிக்கணக்கில் ஊறவைக்காதீர்கள், லேசாக நனைத்தால் போதும். 2021 அறிவிக்கைப்படி நிலையங்கள் முழுச் சாம்பலையும் பயன்பாட்டுக்குக் கொடுத்தாக வேண்டும், தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. அதனால் சாம்பலுக்குப் பஞ்சம் என்று கல் விலையை ஏற்றுகிறவரை நம்பாதீர்கள்.

என் மகனுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை வந்திருக்கிறது. சேரலாமா? (தூத்துக்குடி)

உத்தரவில் கையெழுத்து நிர்வாகத்துடையதா, ஒப்பந்ததாரருடையதா? அதை எழுதாமல் என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? ஒப்பந்தம் என்றால் வருங்கால வைப்பு நிதி எண்ணை முதல் மாதமே வாங்கிவிடச் சொல்லுங்கள். எந்த அலகு, அதற்கு என்ன வயது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

புகை அளவை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? (எண்ணூர்)

புகைபோக்கியில் தொடர் கண்காணிப்புக் கருவி இருக்கிறது. அதன் அளவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "மாசு எவ்வளவு?" என்று கேட்டால், "வரம்புக்குள்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள். அலகு எண், எந்த மாதம், மணிக்கு மணி சராசரி, கருவி ஓடாத நேரம் என்று நான்கையும் பிரித்துக் கேளுங்கள். நான்காவதை விட்டுவிடாதீர்கள். இரவில் மட்டும் பழுதாகும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன்.