பத்தாவதில் நல்ல மார்க், +1-ல் காமர்ஸ் குரூப் எடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவது முடித்திருக்கிறார். வணிகவியல் பிரிவில் சேர ஆசை. "இவ்வளவு மார்க் வாங்கிட்டு காமர்ஸா?" என்று வீட்டில் தயங்குகிறார்களாம். எடுக்கலாமா, எடுத்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக எடுங்கள். நானும் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் இதே பிரிவைப் படித்தவள்தான். இப்போது திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மார்க் குறைந்தவர்களுக்கு என்று இந்தப் பிரிவை ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பொறியியல், மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் பக்கம் இதிலிருந்து போக முடியாது. அந்த ஆசை கொஞ்சமாவது இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் தயங்க வேண்டியதே இல்லை.

தமிழ், ஆங்கிலம் போக வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், அப்புறம் நீங்கள் தேர்வு செய்யும் ஒரு பாடம். இதில் உங்களைத் தூக்கிவிடுவதும் திணற வைப்பதும் கணக்குப்பதிவியல்தான். அதற்கு அஸ்திவாரம் முழுக்க +1-ல் இருக்கிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், பிழைத் திருத்தம், தேய்மானம், கடைசியில் இறுதிக் கணக்குகள் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வரும். நடுவில் ஒன்று புரியாமல் போனால் அதற்கு மேல் எல்லாம் மனப்பாடம்தான். +2-ல் கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், நிறுமக் (கம்பெனி) கணக்குகள் வரும்போது அந்த மனப்பாடம் உதவாது. கணக்கைச் சற்று மாற்றிக் கேட்டாலே எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கை நின்றுவிடும்.

2025-26 கல்வியாண்டிலிருந்து +1-க்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லாத பாடம்தானே என்று +1 புத்தகத்தை வேகமாக ஓட்டிவிட்டு +2-க்குத் தாவும் ஆபத்து இருக்கிறது. பள்ளியில் அப்படி நடந்தாலும் நீங்கள் விடாதீர்கள். மாநிலப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சிக் கணக்குகளை விடையைப் பார்க்காமல் போடுங்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஏன் பற்று (டெபிட்), ஏன் வரவு (கிரெடிட்) என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் வீட்டு மளிகைக்குக் கடைப் பெட்டியிலிருந்து 2,000 ரூபாய் எடுக்கிறார் என்று வையுங்கள். அது கடையின் செலவு அல்ல, எடுப்பு. எடுப்புக் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. இந்த ஒன்று தெரியாமல் லாபம் எவ்வளவு என்றே சொல்ல முடியாத தொழில்களை நான் தினமும் பார்க்கிறேன்.

வணிகவியலை வெறும் தியரி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருப்பூரில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்தும் பனியன் கம்பெனிகள் ஏராளம். லாபப் பங்கு பற்றி அவர்களுக்குள் எந்த ஒப்பந்தமும் இல்லை என்றால் என்ன ஆகும்? 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபம் சமமாகத்தான் பிரியும். முதலுக்கு வட்டி கிடையாது. முதலுக்கு மேல் ஒரு கூட்டாளி கடனாகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 6 சதவீதம். பதினேழு வயதில் படிக்கும் இந்த நாலு வரி தெரியாமல் குடும்பமே பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறது. காசோலை திரும்பி வந்தால் வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதும் அப்படித்தான். இதைச் சொல்லும் 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பெயரைப் பாடத்தில் பார்த்து மலைக்காதீர்கள், வியாபாரிகளுக்கு அது இன்றும் அன்றாட விஷயம்.

நீங்கள் தேர்வு செய்யும் பாடமாக, பள்ளியில் இருந்தால், வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுங்கள். கணினிப் பயன்பாடுகள் எளிது என்று பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். பின்னால் சி.ஏ. என்ற ஆடிட்டர் படிப்புக்குப் போக நினைத்தால், அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் நான்கு தாள். அதில் ஒன்று கணிதம், தர்க்கம், புள்ளியியல். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 வேண்டும். கணிதத்தை இரண்டு வருடம் தொடாமல் போய் அங்கே உட்கார்ந்தால் சிரமம். டேலி மாதிரி கணக்கு மென்பொருள்களைப் பிறகு சில மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ் வழி என்பதால் இன்னொன்று. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் இல்லை. அதற்காக இப்போதே வழியை மாற்றிக்கொள்ள வேண்டாம். தமிழில் புரிந்து படியுங்கள், கூடவே ஆங்கில வழிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கணக்கை ஒருமுறை பாருங்கள். +2 முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பி.காம் படித்து 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேரடியாக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். ஆங்கிலம் பழக அந்த மூன்று வருடம் நமக்குப் பெரிய அவகாசம். பணம் கட்டி அவசரப்பட்டுக் கோச்சிங்கில் சேர்ந்து மனம் உடைவதைவிட இந்த வழி பலருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சேர்வதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் வணிகவியலுக்கும் கணக்குப்பதிவியலுக்கும் ஒரே முதுகலை ஆசிரியர்தான். அந்த இடம் காலியாக இருந்தால் இரண்டு பாடமும் சேர்ந்து அடிவாங்கும். அக்கம்பக்கத்தில் படிக்கும் அக்கா, அண்ணன்களிடம் கேளுங்கள். கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டி நடத்தும் ஆசிரியர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கிறார் என்றால், பஸ் ஏறிப் போய்ப் படித்தாலும் பரவாயில்லை, அங்கேயே சேருங்கள்.